காட்டுக்குப் போகும் பழைய குவாட்: முதற் செலவு எதற்கு?

அரசியலையும் பத்திரிகை உலகத்துப் பழங்கதைகளையும் எதிர்பார்த்து இப்பக்கத்துக்கு வரும் வாசக அன்பர்கள் இன்றைய தலைப்பைக் கண்டு வியக்கக்கூடும். நான்கு சில்லு மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுத இவருக்கு என்ன தகுதி என்று கேட்பவர்களும் இருப்பார்கள். கேள்வி நியாயமானதே. நான் அதனை ஓட்டுபவன் அல்லன். ஆனால் ஒன்ராறியோவில் வாழும் என் தங்கையின் மகன், முறைக்கு எனக்கு மருமகன், பாவித்த குவாட் ஒன்றை வாங்கிய கோடையில் அவன் வீட்டில் இரண்டு மாதங்கள் தங்கியிருந்தேன். அவனோடு கராஜில் நின்றேன். காட்டுப்பாதையின் வாயில்வரை போனேன். அங்கு கூடுகின்றவர்களோடும், இத்தகைய எந்திரங்களைப் பழுதுபார்த்தே தலை நரைத்த ஒரு மெக்கானிக்கோடும் நெடுநேரம் பேசினேன். கேட்டு எழுதுவது என் தொழில். கேட்டவற்றிலிருந்து எனக்கென்று ஒரு கருத்து உருவாகியிருக்கிறது. அதனைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

இந்த எந்திரத்தை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். குவாட் என்று பொதுவாக அழைக்கப்படுவதில் இரண்டு குலங்கள் உண்டு. ஒன்று தோட்டத்திலும் பண்ணையிலும் மூட்டை சுமப்பது. கனத்த உடம்பும், முன்னும் பின்னும் பொருள் ஏற்றும் தட்டும், பெரும்பாலும் நான்கு சில்லுகளுக்கும் இழுவையும் உடையது. மற்றையது விளையாட்டு ரகம். இது மெலிந்தது, இழுவை பின் அச்சுக்கு மாத்திரமே, அதுவும் மோட்டார் சைக்கிளைப் போலச் செயின் வழியாக. கிளட்ச் கையில், கியர் காலில், வேகம் கொடுப்பது வலது கைப் பெருவிரலில். முன்னாலுள்ள இரண்டு சில்லுகளும் தனித்தனியே ஏறி இறங்கும். பின்னாலுள்ள இரண்டும் ஒரே இரும்பு அச்சில் இறுக்கப்பட்டவை. காரில் உள்ளதுபோல வளைவில் ஒரு சில்லு வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுழலுவதற்கு இங்கு வழியில்லை. ஆகவே வளைவில் பின்பக்கம் வழுக்கித்தான் திரும்பவேண்டும். ஓட்டுபவர் தம் உடம்பைச் சரித்துத்தான் அதனைத் திருப்பவேண்டும். இந்த ஒரு விடயத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் நான் சொல்லப்போகும் பலவும் விளங்கும்.

சரித்திரமும் கொஞ்சம் வேண்டும். 1970 இல் ஹொண்டா நிறுவனம் அமெரிக்காவில் மூன்று சில்லு வண்டியை விற்பனைக்கு விட்டது. 1985 இல் சுசுகியின் குவாட்ரேசர் 250, 1986 இல் ஹொண்டாவின் 250ஆர், 1987 இல் யமஹாவின் பான்ஷீ என்று நான்கு சில்லு விளையாட்டு ரகங்கள் அடுத்தடுத்து வந்தன. விபத்துகளும் வந்தன. 1988 இல் அமெரிக்க அரசுக்கும் விநியோக நிறுவனங்களுக்கும் இடையில் நீதிமன்றத்தின் வழியாக ஏற்பட்ட உடன்படிக்கையின்படி மூன்று சில்லு வண்டிகளின் விற்பனை நிறுத்தப்பட்டது. 90 சீசீக்கு மேற்பட்ட எந்திரம் 16 வயதுக்கு உட்பட்டவருக்கு ஆகாது என்ற வரையறையும் அக்காலத்ததே. பிற்பாடு 1999 இல் ஹொண்டா 400இஎக்ஸ், 2003 இல் சுசுகி இசட்400, 2004 இல் யமஹா 450, 2006 இல் யமஹா ராப்டர் 700 என்று இந்த ரகத்துக்கு ஒரு பொற்காலம் வந்தது. அவற்றுட் பலவற்றின் உற்பத்தி நின்றுவிட்டது. ஆனால் எந்திரங்கள் நிற்கவில்லை. கைமாறிக் கைமாறி ஓடிக்கொண்டிருக்கின்றன. வட அமெரிக்காவில் ஓர் இளைஞர் இன்று தம் முதல் விளையாட்டுக் குவாட்டை வாங்குகிறார் என்றால், அது பெரும்பாலும் அந்தக் காலத்துப் பிள்ளையாகத்தான் இருக்கும்.

மருமகன் வாங்கியதும் அப்படியொன்றே: 2007 ஆம் ஆண்டு ஹொண்டா 400இஎக்ஸ். வாங்கிய மறுநாளே நண்பர்களிடம் ஆலோசனை கேட்டிருக்கிறான். "மாமா, எல்லாரும் முதலில பைப்பை மாத்தச் சொல்லுகினம்" என்றான். பைப் என்று அவர்கள் சொல்வது புகைபோக்கிக் குழாயும் சைலன்சரும் சேர்ந்த தொகுதி. அதற்குச் சில நூறு டொலர்கள். அதன்பின் காற்று உள்ளிழுக்கும் பெட்டியின் மூடியைக் கழற்றி எறிவது. அதன்பின் அச்சையும் முன்கைகளையும் அகலமாக்குவது. அதன்பின் பளபளக்கும் சில்லு. ஏறக்குறைய எல்லாரும் ஒப்புவிக்கும் வரிசை இதுதான். மரங்கள் அடர்ந்த காட்டுப்பாதையில் ஓடப்போகும் பழைய எந்திரத்துக்கு இந்த வரிசை தலைகீழானது என்பது என் கருத்து.

காட்டுப்பாதை என்றால் என்ன என்று முதலில் பார்க்கவேண்டும். மேற்கு வேர்ஜீனியா மாநிலத்தின் தென்பகுதியில் ஹற்பீல்ட்–மக்கோய் பாதைத் தொகுதி இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒன்றையொன்று வெட்டிச் சாய்த்த இரு குடும்பங்களின் பெயர்களை இணைத்து வைத்த பெயர் அது. 2000 ஆம் ஆண்டு ஒக்ரோபரில் திறக்கப்பட்டது. இன்று ஆயிரம் மைலுக்கும் மேல் நீள்கிறது. நிலக்கரி அகழ்ந்தும் மரம் தறித்தும் கைவிட்ட மலைகளில், பழைய வண்டித் தடங்களை இணைத்து அமைத்தவை அப்பாதைகள். பச்சை இலகுவானது, நீலம் சற்றுக் கடினம், கறுப்பு மிகக் கடினம் என்று அடையாளமிட்டிருப்பார்கள். கறுப்புப் பாதையில் வேர்கள் படிக்கட்டுப்போல் கிடக்கும். ஈர இலையின் கீழ் வழுவழுத்த பாறை இருக்கும். இரண்டு மரங்களுக்கு இடையில் குவாட் புகுந்தால் இருபுறமும் ஒரு சாண் மிஞ்சும். அங்கே மூன்றாவது கியரைத் தாண்டுவதே அரிது. எஞ்சினிடம் மேலும் ஓரிரு குதிரைவலுவைப் பிழிந்தெடுத்து அங்கே என்ன செய்வது? அகன்ற மணல்மேட்டிலும் பந்தயத் திடலிலும் பயன்படும் ஆலோசனையைக் காட்டுக்குள் கொண்டுபோவதில்தான் கோளாறு தொடங்குகிறது.

ஆகவே முதற் செலவு எந்திரத்துக்கே அன்று, ஓட்டுபவரின் உடம்புக்கு. தலைக்கவசம், கண்ணாடி, கணுக்காலுக்கு மேல் ஏறும் சப்பாத்து, கையுறை, நெஞ்சுக் காப்பு. ஒன்ராறியோவில் சொந்தக் காணிக்கு வெளியே ஓட்டுவதற்குத் தலைக்கவசமும் இலக்கத்தகடும் காப்புறுதியும் சட்டப்படி கட்டாயம்; ஹற்பீல்ட்–மக்கோய் பாதைகளிலும் தலைக்கவசமின்றி நுழையமுடியாது. சட்டம் சொல்வதால் மாத்திரம் அல்ல. இந்த எந்திரம் ஏறத்தாழ 170 கிலோ எடையுள்ளது. அது கவிழும்போது ஓட்டுபவர்மேல்தான் விழப்பார்க்கும். மருமகனுக்குத் தந்த பட்டியல்களுள் ஒன்றிலாவது சப்பாத்து என்ற சொல் இருக்கவில்லை. இரவல் தலைக்கவசமும் ஓட்டச் சப்பாத்தும் போட்டுக்கொண்டு, புதுச் சைலன்சரைத் தடவித் தடவிப் பார்த்த ஓர் இளைஞனைப் பாதை வாயிலில் கண்டேன். அவன் பெற்றோர் இதனைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ என்று அங்கலாய்த்தேன்.

இரண்டாவது, தேய்ந்ததை மாற்றுவது. இதனை யாரும் மேம்பாடு என்று எண்ணுவதில்லை. ஆனால் பழைய எந்திரத்தில் இதைவிடப் பெரிய மேம்பாடு வேறில்லை. அந்த நரைத்த தலை மெக்கானிக் செய்து காட்டிய சோதனையை அப்படியே தருகிறேன். வாங்குவதற்கு முன்பும் செய்யலாம், வாங்கிய பின்பும் செய்யலாம்.

முன்பக்கத்தை ஜக்கில் உயர்த்துங்கள். சில்லின் உச்சியையும் அடியையும் பிடித்து உள்ளும் புறமும் ஆட்டுங்கள். 'டொக் டொக்' என்று ஓர் உணர்ச்சி கைக்குத் தெரிந்தால் போல் ஜொயின்ற் எனப்படும் பந்து மூட்டோ, சில்லுப் பெயாரிங்கோ முடிந்துவிட்டது. பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது தளர்ந்தால், திசைமாற்றும் தண்டுகளின் நுனிகளில் தேய்வு. அடுத்தது பின்பக்கம். அச்சைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். அங்கே அசைவு இருந்தால் அச்சைத் தாங்கும் பெயாரிங் போய்விட்டது. சேற்றிலும் ஓடையிலும் ஓடிய எந்திரங்களில் தண்ணீர் புகுந்து முதலில் சாகின்ற உறுப்பு அதுவே. பின்சில்லுகளைச் சுழற்றிவிட்டு அச்சின் நுனியைப் பாருங்கள். அது வட்டமாக ஆடினால் அச்சு வளைந்திருக்கிறது. பின்னால் உள்ள ஊஞ்சற் கையைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். அதன் அச்சாணியும் தேயும். அந்தப் பெயாரிங்குகளின் விலை, ஒரு பைப்பின் விலையோடு ஒப்பிட அற்பம். ஆனால் அவை தேய்ந்த எந்திரம், வேரில் ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் தானே ஒரு திசையைத் தெரிவு செய்யும். மரங்களுக்கு நடுவில் அதற்கு இடமில்லை.

பிறகு காற்றுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். நுரைப்பஞ்சு வடிகட்டி எண்ணெயில் ஊறியிருக்கவேண்டும். அதனைக் கழற்றி, காபரேற்றருக்குப் போகும் இரப்பர்க் குழாயின் உட்சுவரை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் மண் ஒட்டினால், அந்த மண் எஞ்சினுக்குள்ளும் போயிருக்கிறது என்று பொருள். பிஸ்டனும் சிலிண்டரும் அரத்தால் அராவியது போலத் தேய்ந்திருக்கும். விற்பவர் வெளியே எவ்வளவு மினுக்கி வைத்தாலும் இந்த உட்சுவரை மினுக்க மறந்துவிடுவார் என்று மெக்கானிக் சிரித்தார். பத்திரிகைக்காரனுக்குப் பிடித்த சோதனை இது: அறிக்கையை விட்டுவிட்டு ஆவணத்தைப் பார்ப்பது.

400இஎக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு மாத்திரம் ஒரு குறிப்பு. அதில் எஞ்சின் எண்ணெய் தனித் தாங்கியில் நிற்கிறது. எஞ்சினைச் சூடாக்கி, சற்று நேரம் ஓடவிட்ட பின்பே அளவு பார்க்கவேண்டும். குளிர்ந்த எஞ்சினில் பார்த்துவிட்டு, குறைகிறதென்று எண்ணி மேலும் மேலும் ஊற்றுபவர்கள் இருக்கிறார்களாம்.

பிறேக், செயின், பற்சில்லு ஆகியவற்றைப் பற்றி விரித்துச் சொல்லத் தேவையில்லை. தேய்ந்தால் மாற்றவேண்டும், செயினையும் இரு பற்சில்லுகளையும் ஒன்றாகவே மாற்றவேண்டும், பிறேக் திரவத்தைப் புதுப்பிக்கவேண்டும். சேற்றில் ஓடும் பின் பிறேக் அட்டை எதிர்பாராத விரைவில் கரையும் என்பதை மாத்திரம் நினைவிற் கொண்டால் போதும்.

மூன்றாவதாகத்தான் கடையில் வாங்கிப் பூட்டும் பொருட்கள் வருகின்றன. அவற்றுள்ளும் முதலிடம் நேர்ப் பார் எனப்படும் பக்கச் சட்டத்துக்கு. முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையிலுள்ள வெளியை அடைக்கும் அலுமினியக் குழாயும், கால் வழுக்கினால் தாங்குவதற்கான வலையும் சேர்ந்தது அது. அந்த வெளியில் இரண்டு ஆபத்துகள் காத்திருக்கின்றன. ஒன்று, மிதியிலிருந்து வழுக்கிய பாதம் நிலத்தில் ஊன்ற, பின்சில்லு அதன்மேல் ஏறிக் காலை உள்ளே இழுத்துவிடும். மற்றது, முன்சில்லைத் தப்பவிட்ட இளமரம் ஒன்று நடுவில் புகுந்து பின்சில்லில் கொளுவும். எந்திரம் அந்த இடத்திலேயே நிற்கும், ஓட்டுபவர் நிற்கமாட்டார். பக்கச் சட்டம் இருந்தால் மரம் அதில் உரசி வழுக்கிப் போய்விடும். அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் நடக்கும் கிராண்ட் நாஷனல் குறொஸ் கன்றி பந்தயத் தொடரில் குவாட் ஓட்டுபவர்களுக்கு இந்தச் சட்டம் விதிப்படி கட்டாயம். அதே விதியில் இன்னொன்றும் உண்டு: ஓட்டுபவரின் மணிக்கட்டிலோ உடையிலோ கட்டிய கயிறு; அவர் தூக்கி எறியப்பட்டால் கயிறு இழுபட்டு எஞ்சின் நின்றுவிடும். பந்தயக்காரர்களைப் பின்பற்ற விரும்புகிற இளைஞர்கள் அவர்களுடைய சத்தத்தைப் பின்பற்றுகிறார்கள், கயிற்றைப் பின்பற்றுவதில்லை. இத்தனைக்கும் அது சில பத்து டொலர்தான்.

அடுத்து ஹாண்டிலின் இரு நுனிகளுக்குமான கைக்காப்பு. பிளாஸ்ரிக் மட்டும் கொண்டது காற்றையும் சுள்ளியையும் தடுக்கும். உள்ளே அலுமினியச் சட்டம் உள்ளதே மரத்தின் அடியைத் தாங்கும். அடிபடுவது விரல் மட்டுமன்று. கிளட்ச் பிடி முறிந்தால் பத்து மைல் காட்டுக்குள்ளிருந்து எந்திரத்தை எப்படி வெளியே கொண்டுவருவது என்பதையும் யோசிக்கவேண்டும். அதற்கடுத்து அடித்தகடு. எஞ்சினுக்குக் கீழே போடுவதைப் பலரும் போட்டுவிடுகிறார்கள். பின் ஊஞ்சற் கைக்குக் கீழே போடுவதை மறந்துவிடுகிறார்கள். விளையாட்டு ரகக் குவாட்டில் பின் பிறேக் தட்டும் பற்சில்லும் அச்சிலேயே தொங்குகின்றன. நிலத்திலிருந்து சில அங்குல உயரம்தான். பாறை முதலில் சந்திப்பது அவற்றையே.

இப்போது ரயர். மேலே சொன்ன காப்பு வேலைகள் முடிந்தபின் நான் பணத்தைக் கொட்டச் சொல்வது இதில்தான். மருமகனின் எந்திரத்துக்குத் தொழிற்சாலை கொடுத்த அளவு முன்னே 22 அங்குலம், பின்னே 20 அங்குலம். காட்டுக்கு அந்த அளவிலிருந்து பெரிதாக விலக வேண்டியதில்லை. வேண்டியது ஆறு அடுக்கு வலிமையும், தோள்பகுதியில் கடிக்கும் கட்டைகளும். மெல்லிய ரயர் வேரின் நுனியில் கிழியும். பணம் போதாவிட்டால் முன்சில்லுக்கு முதலில் வாங்குங்கள் என்றார் மெக்கானிக். பின்பக்கம் வழுக்கினால் பெருவிரலைத் தளர்த்திச் சமாளிக்கலாம். முன்பக்கம் வழுக்கினால் மரம்தான் சமாளிக்கும்.

காற்று அழுத்தம் பற்றி ஒரு சொல். இவ்வகை ரயர்களுக்குச் சதுர அங்குலத்துக்கு 4, 5 இறாத்தல் அளவே போதும். கார் ரயர் பார்க்கும் சாதாரண அளவுமானியில் அந்த எண் சரியாகத் தெரியாது. தாழ்ந்த அழுத்தத்துக்கென்று விற்கும் சிறு மானி வாங்கவேண்டும். பின்சில்லு இரண்டும் ஒரே அச்சில் இறுகியவை என்று முன்னரே சொன்னேன் அல்லவா? ஒன்றின் சுற்றளவு மற்றதைவிடக் கூடியிருந்தால் எந்திரம் எப்போதும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். தையற்காரரின் நாடா ஒன்றால் இரண்டையும் சுற்றி அளந்து பாருங்கள். எந்திரம் இழுக்கிறது என்று முன்கைகளையெல்லாம் மாற்றிச் செலவழித்தவர், கடைசியில் ஒரு ரயரில் காற்றுக் குறைவு என்று கண்ட கதையை அங்கே கேட்டேன்.

ஷொக் அப்சோர்பர்களைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். புதிய தொகுதி ஒன்றுக்குக் கேட்கும் விலையில் இன்னொரு பழைய குவாட் வாங்கிவிடலாம் போலிருக்கிறது. ஆனால் இருப்பவற்றிலேயே வில்லின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் வளையம் உண்டு. முன்பு வைத்திருந்தவர் கனத்தவராயின் அது இறுக்கி விடப்பட்டிருக்கும். மருமகனைப் போன்ற ஒல்லிப் பிள்ளை ஏறினால் எந்திரம் பந்துபோல் துள்ளும். உங்கள் எடைக்குத் தக்கவாறு அதனைத் திருப்பி வைக்க ஒரு ஸ்பானரும் ஒரு மாலைப்பொழுதும் போதும். செலவில்லாத மேம்பாட்டை எவரும் பட்டியலில் போடுவதில்லை. கடைக்காரருக்கு அதில் வரும்படி இல்லையே.

அகலமாக்கும் ஆசையைப் பற்றியும் சொல்லவேண்டும். பந்தயத் திடலில் அகன்ற எந்திரம் கவிழாமல் நிற்கும், உண்மை. அதனால் நீண்ட முன்கைகளும் நீண்ட பின் அச்சும் விற்கிறார்கள். இந்த ரகக் குவாட்டுகள் பல, தொழிற்சாலையிலிருந்து வரும்போது 46 அங்குலம் அளவில் இருக்கின்றன. அமெரிக்க வனத்துறைப் பாதைகள் பலவற்றில் 50 அங்குலமே எல்லை. அதற்குள் நிற்பது ஒருபுறமிருக்க, மரத்துக்கும் மரத்துக்கும் இடையில் நான்கு அங்குலம் என்பது முழங்கையின் விலை. காட்டுக்குப் போகிறவருக்கு அந்த 46 அங்குலம் ஒரு சொத்து. அதனைக் காசு கொடுத்து இழக்கவேண்டாம்.

எஞ்சினின் இழுவை போதவில்லை என்று உண்மையிலேயே தோன்றினால், அதற்கும் மலிவான வழியுண்டு. முன்பற்சில்லில் ஒரு பல்லைக் குறைப்பது. முன்னே 15 பல்லும் பின்னே 38 பல்லும் உள்ள எந்திரத்தில் முன்னே 14 ஆக்கினால், பின்னே ஏறக்குறைய மூன்று பல் கூட்டியதற்குச் சமம். உச்ச வேகம் சற்றுக் குறையும். செங்குத்தான ஏற்றத்தில் கிளட்சைப் பிடித்துப் பிடித்துக் கருக்கவேண்டிய தேவையும் குறையும். காட்டில் உச்ச வேகத்தைத் தேடுபவர் எவர்?

எஞ்சியிருப்பது அந்தப் பைப்பும் காற்றுப் பெட்டி மூடியும். காற்று அதிகம் உள்ளே வந்து, புகை இலகுவாக வெளியேறினால், அதற்கேற்றாற்போல் பெற்றோலும் கூடவேண்டும். காபரேற்றரின் துவாரங்களை மாற்றாமல் பைப்பை மாத்திரம் மாற்றினால் கலவை மெலிந்து எஞ்சின் கொதிக்கும். 400இஎக்ஸ் காற்றால் குளிரும் எஞ்சின். மெதுவாக ஊரும் காட்டுப்பாதையில் அதற்குக் காற்றும் போதாது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. சில துளி பெற்றோலில் கிளப்பி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய சனம் நாங்கள். காபரேற்றரின் ஒரு திருகாணியை அரைச்சுற்றுத் திருப்பினால் எஞ்சின் என்ன பாடு படும் என்பது அன்று பாடசாலைப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. அந்நாளைய மெக்கானிக்குகள் அழகு பார்க்க ஒரு சதம் செலவழிக்கவில்லை. பிளக், பெயாரிங், செயின் என்றே அவர்களுடைய கவலை இருந்தது. வண்டிகளும் ஓடின.

பைப்பின்மீது எனக்குள்ள பெரிய ஆட்சேபம் எஞ்சினைப் பற்றியதன்று. சத்தத்தைப் பற்றியது. ஹற்பீல்ட்–மக்கோய் பாதைகளின் நிலத்திற் பெரும்பகுதி தனியார் நிலக்கரி, மரக் கம்பனிகளுக்குச் சொந்தமானது. 1996 இல் மாநில சட்டசபை உருவாக்கிய ஓர் அதிகாரசபை அவர்களிடம் அனுமதி பெற்றுப் பாதைகளை நடத்துகிறது. அதாவது அங்கே ஓடுகிறவர் விருந்தாளி. ஒன்ராறியோவிலும் காட்டோரங்களில் வீடுகள் இருக்கின்றன; குதிரையில் போகிறவர்களும் நடந்து போகிறவர்களும் இருக்கிறார்கள். எந்திரத்தைக் காணுமுன்பே, மூன்று மலைக்கு அப்பாலிருந்து சத்தம் அவர்களை அடைந்துவிடுகிறது. ஊர்ச்சபைக் கூட்டத்தில் பாதையை மூடு என்று கை உயர்த்துகிறவருக்கு உங்கள் பெயரோ, நீங்கள் எவ்வளவு கவனமாக ஓட்டுபவர் என்பதோ தெரியாது. அவருக்குத் தெரிந்தது அந்தச் சத்தம் ஒன்றே. கலிபோர்னியாவில் 1986 முதல் தயாரான இவ்வகை எந்திரங்களுக்கு 96 டெசிபெல் என்று எல்லை வைத்திருக்கிறார்கள். அமெரிக்க வனத்துறை நிலங்களில் தீப்பொறியைத் தடுக்கும் வலை சைலன்சருக்குள் இருக்கவேண்டும். தொழிற்சாலைச் சைலன்சரில் அந்த வலை உண்டு. பந்தயத்துக்கென்று விற்கும் பல பைப்புகளில் அது இல்லை. காய்ந்த சருகின்மேல் விழும் ஒரு பொறி என்ன செய்யும் என்பதை அண்மைய ஆண்டுகளின் கனடியக் காட்டுத்தீக்களைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு நான் சொல்லவேண்டுமா? புகைபோக்கியை மாற்றியே தீருவேன் என்பவர், வலையுள்ளதும் சத்தம் அடங்கியதுமான ஒன்றைத் தேடட்டும். அதுவும் மேலே சொன்ன எல்லாம் முடிந்தபின், பணம் மிஞ்சினால்.

இளமையின் உற்சாகத்தை முதியவர் ஒருவர் தண்ணீர் ஊற்றி அணைக்கிறார் என்று சிலர் எண்ணக்கூடும். மருமகனே முதலில் அப்படித்தான் சொன்னான். சத்தமில்லாத குவாட்டில் என்ன சுகம் என்று கேட்டான். ஆனால் பின் அச்சின் பெயாரிங்கையும் முன்சில்லு ரயர்களையும் மாற்றி, ஷொக் வளையத்தைத் தளர்த்திவிட்டு ஓடிவந்த அன்று, "மாமா, இது வேற எந்திரம் மாதிரிக் கிடக்கு" என்றான். எஞ்சினில் ஒரு திருகாணியையும் அவன் தொட்டிருக்கவில்லை.

இன்னொரு காரியமும் செய்தோம். அவன் வாங்கிய எந்திரத்தில் முன்னைய சொந்தக்காரர் ஏற்கெனவே சத்தம்போடும் சைலன்சர் ஒன்றைப் பூட்டியிருந்தார். பழைய குவாட் வாங்கும் எவரும் விலை பேசும்போதே தொழிற்சாலைச் சைலன்சர் எங்கே என்று கேட்கவேண்டும், பெரும்பாலும் எறிந்திருக்கமாட்டார்கள். இவன் கேட்க மறந்ததைத் தொலைபேசியில் கேட்கச் சொன்னேன். அந்த மனிதர் தம் கராஜின் மேல்தட்டில் கிடந்ததைத் தூசு தட்டி இனாமாகவே தந்தார். தீப்பொறி வலை உள்ளே இருந்தது. அதன் வாய்க்குள் குளவி கூடு கட்டியிருந்ததால் சுத்தம் செய்ய அரைமணி நேரம் பிடித்தது. பூட்டுவதற்குப் புதிதாக வாங்கியது ஒரு வோஷர் மாத்திரமே.